கே.போ.இ. என்று எழுதிய அட்டை

எய்யா சங்கரா,

இங்கே நானும் சைக்கிளும் சுகம். மதுரையில் நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தின் அதிகாரத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இன்னும் இருபது நாளில் உனக்குக் கல்யாணம். பட்டு எடுத்தாச்சா, சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டு எழுதியிருப்பாய் என்று பிரித்தால், முழுக்கச் சைக்கிள் புராணம். செங்கோட்டையில் உனக்கு மாமனாராகப் போகிறவர், சம்பந்தியம்மா சைக்கிளில் ஊர் சுற்றுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். அதனால் கல்யாணத்துக்கு முன்னால் அதை நான் விற்றுவிட வேண்டுமாம். பிரசவம் பார்க்கப் போவதற்கு மாட்டுவண்டி வைத்துக்கொள்ளலாமாம். நாற்பத்தாறு வயசுக்கு மிதிக்கிறது ஆகாதாம். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: 'எனக்கும் அந்தச் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காது, உனக்கே தெரியும்.' மாமனார் சொன்னதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நீ சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

உன் அப்பா வாந்திபேதியில் போனபோது உனக்கு நாலு வயசு. உன்னைக் கடையத்தில் உன் மாமா வீட்டில் விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் ஒன்றரை வருஷம் பிரசவம் பார்க்கப் படித்தேன். தென்காசி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்தால் போதுமா, கால் வேண்டுமே. இலஞ்சியில் ஒருத்திக்கு வலி எடுத்தால் அதே நேரம் பார்த்து மேலகரத்தில் இன்னொருத்திக்கு எடுக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்றா பிறக்கின்றன? வண்டிக்காரன் மாட்டைத் தேடிப் பிடித்துப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் தாங்களாகவே பிறந்துவிட்டு, ஏன் பிந்தி வந்தாய் என்கிற மாதிரி என்னைப் பார்த்து அழும். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா சொந்த ஊருக்குக் கப்பல் ஏறும்போது தன் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நடுவில் பார் இல்லாத பெண்கள் வண்டி. குற்றாலத்துக்குப் போகிற சாலையில், சீசன் முடிந்து கூட்டம் இல்லாத மாதமாகப் பார்த்து, விடியற்காலையில் பழகினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஊர் என்னென்ன பேசியது என்று உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். தாலி அறுத்தவளுக்குப் பெல் எதற்கு என்று ஒருத்தி என் காதுபடவே கேட்டாள். உன்னை மாதிரி நடு ரோட்டில் நிற்கிறவளை விலக்கத்தான் என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

ஓட்டப் பழகியது பெரிசில்லை எய்யா. சைக்கிள் கடைப் பேச்சுப் பழகியதுதான் பெரிசு. அப்போது நம் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் என்றால் காதர் சாயபு கடைதான். அவர் பேசியதும் தமிழ்தான், நான் பேசியதும் தமிழ்தான், ஆனால் முதல் ஒரு மாதம் ஒன்றும் விளங்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, கோட்டம் இருக்கு என்றார். எனக்குத் தெரிந்த கோட்டமெல்லாம் மனசில் வருகிறதுதான். சக்கரம் ஒரு பக்கமாக நெளிந்திருந்தால் அது கோட்டம் என்றும், கம்பிகளை முறுக்கி அதை நேராக்கினால் கோட்டம் எடுப்பது என்றும் பிறகுதான் தெரிந்தது. இன்னொரு நாள், ரெண்டு குண்டு செத்துப்போச்சு என்றார். நான் பார்க்கிற வேலைக்குக் காலையில் செத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், தாயா பிள்ளையா என்றுதான் கேட்கத் தோன்றும். கடைசியில் பார்த்தால் அச்சுக்குள்ளே உருளுகிற மிளகு மாதிரியான இரும்பு உருண்டைகள். ஒரு வண்டியில் இரண்டு பேர் போனால் டபுள்ஸ். சீட்டில் உட்கார எட்டாத பையன் பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்தால் குரங்குப் பெடல். என் வண்டிக்குப் பார் இல்லாததால் அந்த ஒரு அவமானம் மட்டும் எனக்கு வரவில்லை.

ஆனால் 'பிரீ' என்னைக் கவிழ்த்துவிட்டது. ஒரு நாள் மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை வாசலில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருத்தரும் இன்னும் நாலு பேரும் அவரவர் வண்டிக்காக நின்றார்கள். சாயபு பார்த்துவிட்டு, பிரீ போட்டுருதேம்மா, சாயந்தரம் வாங்க என்றார். ஆஸ்பத்திரியில் பிரீ என்றால் இல்லாதப்பட்டவர்களுக்குக் காசு வாங்காமல் பார்ப்பது. எனக்கு வந்ததே கோபம்! புருஷன் இல்லாதவள் என்று தர்மம் பண்ணப் பார்க்கிறார் என்று நினைத்து, எனக்கு யாரும் பிரீயாகப் போட வேண்டாம், என் கை சம்பாதிக்கிறது, உள்ள காசை வாங்கிக்கொண்டு போடும் என்று சத்தம் போட்டேன். சாயபு திருதிருவென்று விழித்தார். பின்சக்கரத்துப் பல் வட்டத்துக்குள் ஒரு சாமான் இருக்கிறது, அதற்குப் பெயர்தான் பிரீ என்று அவர் எடுத்துக் காட்டினபோது, குமாஸ்தா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வேட்டியெல்லாம் தெறித்தது. ஒரு வாரத்துக்கு ஊரில் அதே பேச்சு. நர்ஸம்மா, பிரீயா இருக்கியளா என்று தபால்காரர்கூடக் கேட்டார். சாயபு மட்டும் சிரிக்கவில்லை. எந்தச் சொல்லும் தெரியலேன்னா கேளுங்கம்மா, கேக்கதுல ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டிய என்றார். நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு முடிவு பண்ணினேன்: இனிமேல் இந்தக் கடையில் எதையும் தெரியாது என்று சொல்லப் போவதில்லை. என் ஆயுசில் நான் எடுத்த முடிவுகளில் கழிசடையான முடிவு அதுதான்.

சாயபுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டியின் ஹேண்டில்பாரில் ஒரு சின்ன அட்டையைக் கட்டி, அதில் பென்சிலால் எழுதிவிடுவார். அட்டை தீப்பெட்டி அளவுதான் இருக்கும் என்பதால் எல்லாம் ஒற்றை எழுத்து. கா.அ. என்றால் காற்று அடித்தாயிற்று. கோ.எ. என்றால் கோட்டம் எடுத்தாயிற்று. மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நான் வீட்டில் வந்து அட்டையை வைத்துக்கொண்டு விடுகதை மாதிரி அவிழ்ப்பேன். பெரும்பாலும் சரியாகவே வரும். அதில் எனக்கு ஒரு கர்வம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு எட்டு வயசு. ஆனி மாதம், நல்ல சாரல். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் எவனோ சொல்லி, பத்து நாளாக என் உயிரை வாங்கினாய். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். கேரியர் ஆடுகிறது என்று வண்டி சாயபு கடையில் இருந்தது. நீ கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாய். போனால், சாயபு பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தார். வண்டி வெளியே நின்றது. அட்டையில் 'கா.அ., கே.போ.இ.' என்று இருந்தது. முதலாவது தெரியும். இரண்டாவது புதிசு. அரை மணி நேரம் நின்றால் சாயபு வந்துவிடுவார். ஆனால் பக்கத்துக் காப்பிக்கடையில் அந்தக் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். "என்ன நர்ஸம்மா, எழுத்துக் கூட்ட வருதா?" என்று கேட்டார். எல்லாம் வரும் என்றேன். கே என்றால் கேரியர், போ என்றால் போல்ட்டு, இ என்றால் இருக்கு. கேரியர் போல்ட்டு இருக்கு. அவ்வளவுதானே? உன்னைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்து, இரண்டு காலையும் அகற்றி வை, ஆட்டாதே என்று சொல்லிவிட்டு, அவர் பார்க்கும்படி நிமிர்ந்து மிதித்தேன்.

மேலகரம் தாண்டி, குளத்துத் தண்ணீர் வழிகிற கலிங்குப் பாலம் ஒன்று வருமே, அங்கே வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. நீ வீரிட்டாய். சக்கரம் பிடித்துக்கொண்டு நின்றது, இருவரும் விழுந்தோம். உன் இடது குதிகால் கம்பிக்குள் இருந்தது. நான் எத்தனையோ ரத்தம் பார்த்தவள். உன் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. காலை எடுத்து, சேலையைக் கிழித்துக் கட்டினேன். கட்டின கையோடு உன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். "ஆட்டாதன்னு சொன்னம்லாலே" என்று கத்தினேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கிறது. வைக்கோல் ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் நம்மை ஆஸ்பத்திரியில் இறக்கினார். டாக்டர் கேட்டதற்கும், தையல் போடும்போது சுற்றி நின்றவர்கள் கேட்டதற்கும், பயல் சேட்டை பண்ணினான், காலை ஆட்டினான் என்றே சொன்னேன். அப்போது நானும் அப்படித்தான் நம்பினேன். அதுவரைக்கும் நான் சொன்னது பொய் இல்லை. அதற்குப் பிறகுதான் பொய்.

பத்து நாள் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு சாயபு கடைக்குப் போனேன். கேரியர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. என்ன லட்சணத்தில் வேலை பார்த்தீர் என்று சண்டை போடத்தான் போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இடது பக்கக் கேரியர்க் கால் அச்சோடு சேருகிற இடத்தைக் காட்டினார். வெறும் ஓட்டை. அதற்குச் சரியான போல்ட்டு கையில் இல்லை, திருநெல்வேலிக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன், அதுவரைக்கும் உங்கள் மருந்துப் பையைத் தாங்கும், ஆளைத் தாங்காது, அதைத்தானே எழுதிக் கட்டினேன் என்றார். அப்படியானால் கேரியர் சாய்ந்துதான் உன் கால் கம்பிக்குள் போயிருக்கிறது. இ என்றால் இருக்கு இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கதை எதுக்கும்மா எழுதணும்? இல்லாததத்தான எழுதணும்" என்றார் சாயபு.

அந்தக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. அவர் அட்டையில் இ என்று எழுதினால் இல்லை என்றுதான் அர்த்தம். பி.இ. என்றால் பிரேக் இல்லை. பெ.இ. என்றால் பெல் இல்லை. முதல் வாரமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். யாரையும் கேரியரில் ஏற்றினீர்களா என்று அவர் முகம் மாறிக் கேட்டார். இல்லை, அரிசி மூட்டை வைத்தேன் என்றேன். அந்த நல்ல மனுஷரிடமும் பொய்.

வீட்டுக்கு வந்தேன். நீ பாயில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாய். உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "எம்மா, இனிமே காலை ஆட்ட மாட்டேம்மா." நீ ஆட்டினதாகவே உனக்கு ஞாபகம் ஆகிவிட்டது. நான் ஓர் அறை அறைந்து, எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அதை உனக்குள் ஏற்றிவிட்டேன். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் வெளியே வந்துவிடும், பொம்பளை சைக்கிள் ஓட்டிப் பெற்ற பிள்ளையை நொண்டியாக்கிவிட்டாள் என்று ஊர் சொல்லும், சைக்கிள் போகும், வேலை போகும், உன்னை மறுபடியும் கடையத்தில் கொண்டு விட வேண்டி வரும் என்று பயந்தேன். இதெல்லாம் உண்மையான பயம்தான். ஆனால் அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. ஓர் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது என்று எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பதினேழு வருஷம் ஆயிற்று. உன்னோடு வேலை பார்க்கிற வாத்தியார்மாரெல்லாம் சைக்கிளில் போக, நீ ஒருத்தன் மட்டும் இடது காலைச் சற்று இழுத்து நடந்து பள்ளிக்கூடம் போகிறாய். கேட்டால் நடப்பது உடம்புக்கு நல்லது என்கிறாய். பெண் பார்க்கப் போன அன்று உன் மாமனார் உன் நடையைக் கவனித்துவிட்டு, பிறவியிலேயே இப்படியா என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, சின்ன வயசுச் சேட்டைதான், அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் காலை ஆட்டினேன் என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும், கல்யாணக் காரியம் கெட்டுவிடுமோ என்று மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது நீயே கடிதம் எழுதிச் சைக்கிளைப் பிடிக்கவில்லை என்கிறாய். உனக்குச் சைக்கிளைப் பிடிக்காமல் போனது நியாயம். ஆனால் தப்பு சைக்கிள் மேல் இல்லை, என் வாய் மேல். அது திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்குத் தாய் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். கோமதி செங்கோட்டைப் பெண். அவர்கள் வீட்டுப் பேச்சில் பாதி மலையாளம். அன்றைக்கு அவளுடைய அம்மா என்னிடம் வெள்ளம் வேணுமா என்று கேட்க, இதென்ன ஊரில் வெள்ளம் வந்துவிட்டதா என்று நான் முழித்தது உனக்குத் தெரியும். குடிக்கத் தண்ணீர் என்று நீ காதில் சொன்னாய். இனிமேல் உன் வீட்டில் தினமும் அப்படி ஒரு வார்த்தை வரும். வார்த்தை மட்டுமா, அவள் பேசாமல் இருந்தால் அதற்கு ஓர் அர்த்தம், பாத்திரத்தைச் சத்தமாக வைத்தால் அதற்கு ஓர் அர்த்தம். விளங்காததை விளங்கினதாகக் காட்டிக்கொண்டு தலையை ஆட்டாதே. கேள். ஆம்பிளை கேட்டால் மட்டமில்லை. அதேபோல அவள் உன்னிடம் எதையாவது கேட்டால், எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும் சிரித்துவிடாதே. ஒருத்தர் சிரித்த சிரிப்பில் இன்னொருத்தர் வாய் அடைத்துப்போனால் அந்த நஷ்டம் யார் தலையில் விடியும் என்று சொல்ல முடியாது. நம் வீட்டில் அது உன் காலில் விடிந்தது.

சைக்கிளை விற்க மாட்டேன். மாமனார் சொன்னாலும் மாட்டேன், நீ சொன்னாலும் மாட்டேன். இந்த மாதம் மட்டும் கீழப்பாவூர்ப் பக்கம் மூன்று பேர், இலஞ்சியில் இரண்டு பேர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊரில் நான் கையில் வாங்கின பிள்ளைகளில் பாதி இப்போது எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. அந்த வண்டி இல்லாவிட்டால் அதுகளில் சில இல்லை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது வேறு. ரத்தம் ஒழுகுகிற பிள்ளையை அடித்தேன். அடித்தது தப்பு என்று தெரிந்த பிறகும் பதினேழு வருஷம் பழியை உன் மேலேயே விட்டுவைத்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் எய்யா. நீ உடனே கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. கோபப்பட்டு ஒரு கடிதம் எழுது, படித்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமை கிடைத்துவிடும். நான் புதன்கிழமை செங்கோட்டைக்குப் போகிறேன். உனக்கு முந்தி அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இரண்டு நாள் தள்ளிப் போகிறேன். யுத்தம் வந்ததிலிருந்து கரியில் ஓடுகிற பஸ் எங்கே படுக்கும் என்று யாருக்கும் தெரியாததால், சைக்கிளில்தான் போகிறேன். வேர்த்து விறுவிறுத்து அவர்கள் வாசலில் இறங்கி, உன் மாமனாரையும் கோமதியையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லப் போகிறேன். சம்பந்தம் வேண்டாம் என்று அவர் எழுந்தால் எழட்டும்; பொய்யின் மேல் உனக்கு ஒரு குடும்பம் வேண்டாம். என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலில் நீதான் கேட்க வேண்டும். அன்றைக்குக் கலிங்குப் பாலத்தில் நீ காலை ஆட்டவே இல்லை, ராசா. நான் சொன்னபடி இரண்டு காலையும் அகற்றி வைத்துக்கொண்டு, அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாய்.

உன் அம்மா